ரெடிமேட் வீட்டின் குழாய்கள்: அடியில் தவழ்ந்து கற்றவை

கோத்தகிரியில் எங்கள் வீட்டை ‘லாரியில் வந்த வீடு’ என்றுதான் அடையாளம் சொல்வார்கள். சொல்வதில் பிழையில்லை. 480 சதுர அடி வீடு இரண்டு துண்டுகளாக மேட்டுப்பாளையம் சாலை ஏறி வந்தது. கிரேன் ஒரே பகலில் இறக்கி, 12 கான்கிரீட் தூண்களின் மேல் உட்கார வைத்துவிட்டுப் போனது. இரும்புச் சட்டம், நடுவில் நுரை வைத்த தகட்டுச் சுவர், சிமென்ட் பலகைத் தரை. முப்பது ஆண்டு இயற்பியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அப்பா விட்டுச் சென்ற தேயிலை நிலத்துக்குச் செங்கல்லும் மணலும் தலைச்சுமையாக ஏற்றிக் கட்டுவதைவிட இது எளிது என்று நினைத்தேன். குழாய் விஷயம் நீங்கலாக, எளிதாகத்தான் இருந்தது.

கல் வீட்டில் குழாய் சுவருக்குள்ளோ மண்ணுக்குள்ளோ இருக்கிறது. மண் அதைத் தாங்குகிறது, குளிரும் வெயிலும் படாமல் காக்கிறது. கசிந்தால் சுவரில் ஈரத் திட்டு விழுந்து காட்டிக் கொடுக்கிறது. தூண்மேல் நிற்கும் வீட்டில் குழாய் அந்தரத்தில் தொங்குகிறது. வீடும் அசையாத பொருள் அல்ல: மலையேறும்போது ஒவ்வொரு வளைவிலும் குலுங்கி வந்தது, வந்தபின் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தூண்கள் ஒரு நூல் அளவாவது இறங்குகின்றன. கசியும் நீர் தரைக்கும் அடித்தகட்டுக்கும் இடையே எங்கோ தேங்கி, மாதக்கணக்கில் சத்தமே காட்டாமல் இருக்கும்.

எங்கள் பகுதிக் குழாய்க்காரர் நல்ல வேலைக்காரர். நான் தம்பி என்பேன், அவர் டீச்சரம்மா என்பார். ஆனால் ஐப்பசி மழையில் அவருக்கு நூறு வீட்டு அழைப்பு. நம் முறை வர ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தைச் சமாளிக்கத்தான் நான் இந்த வேலையைக் கற்றேன்.

முதலில் வீட்டுக்கு அடியில் போங்கள்

ஆண்டுக்கு மூன்று முறை போகிறேன்: தென்மேற்கு மழைக்கு முன் மே கடைசியில், வடகிழக்கு மழைக்கு முன் செப்டம்பரில், மழை ஓய்ந்து பனி தொடங்கும் டிசம்பரில். எங்கள் வீட்டின் முன்பக்கம் தரையிலிருந்து இரண்டடி உயரம். சரிவு காரணமாகப் பின்பக்கம் நாலரை அடி. ஆகவே பின்பக்கமாகக் குனிந்து நுழைந்து, முன்பக்கம் தவழ்ந்து முடிப்பேன்.

நுழையும் முன் கம்பால் இரும்புச் சட்டத்தை நாலு தட்டு தட்டிவிட்டு, ஐந்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோத்தகிரியில் கரடி வீட்டு வாசலுக்கு வருவது செய்தியே அல்ல. பாம்பும் முள்ளம்பன்றியும் நிழல் தேடி அடியில் ஒதுங்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையுறை, தலையில் மாட்டும் டார்ச் வேண்டும். வெளியே ஓர் ஆள் நிற்க வேண்டும். மழைக்காலமானால் காலுறைக்கு மேல் உப்பும் மூக்குப்பொடியும் தடவிக்கொண்டால் அட்டை ஏறாது என்பது என் அம்மாவின் வைத்தியம், முக்கால்வாசி பலிக்கிறது.

இன்னொன்று, இதில் சமரசமே கூடாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இந்த வீடுகளில் கீசருக்குப் போகும் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் பெரும்பாலும் ஒரே சட்டத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன. வீடே இரும்பு, நீங்கள் ஈர மண்ணில் படுத்திருக்கிறீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் பெட்டியில் இருக்கிறதா, இரும்புச் சட்டத்துக்கு எர்த் கொடுத்திருக்கிறார்களா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் குழாய் வேலையைத் தள்ளிவைத்து, அதை முதலில் முடியுங்கள்.

அடியில் என்ன பார்ப்பது? முதல் தடவை ஒரு தாளில் படம் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே பிரிகிறது, எந்த வால்வு எதை அடைக்கிறது என்று. வீட்டோடு வந்த வரைபடத்தை நம்ப வேண்டாம். என்னுடையதில் சமையலறைக்குத் தனி வால்வு இருப்பதாகக் கோடு போட்டிருந்தது. அடியில் அப்படி எதுவும் இல்லை. அதைக் கண்டுபிடித்த அன்றே தம்பியை அழைத்து, சமையலறைக்கும் குளியலறைக்கும் தனித்தனியாகப் பால் வால்வு போட வைத்தேன். எண்ணெய்ச் சாயத்தில் அவற்றுக்கு எண் எழுதினேன். நடுராத்திரியில் தண்ணீர் பீறிடும்போது வரைபடத்தைத் தேட முடியாது.

பிறகு கிளாம்ப். வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி.யில் முக்கால் அங்குலக் குழாய்க்கு மூன்றடிக்கு ஒன்று இருக்க வேண்டும். சூடேறினால் இந்தக் குழாய் நன்றாகவே நீளும்: 3 மீட்டர் நீளமுள்ள குழாயின் வெப்பம் 40 டிகிரி கூடினால் 7 மில்லிமீட்டருக்கு மேல் நீட்சி. ஆகவே கிளாம்ப் தாங்க வேண்டும், நெரிக்கக் கூடாது. உள்ளே குழாய் வழுக்கிப் போக இடம் வேண்டும். காலையில் கீசரைத் திறந்ததும் தரைக்கடியில் ‘டக் டக்’ என்று கேட்டால் எங்கோ ஒரு கிளாம்ப் குழாயைக் கழுத்தைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இரும்புச் சட்டத்தின் ஓட்டை வழியாகக் குழாய் நுழையும் இடங்களில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். லாரிப் பயணத்தில் வெற்று இரும்பு விளிம்பு குழாயை அரம்போல் தேய்த்திருக்கும். என் வீட்டில் அப்படி மூன்று இடங்கள்; ஒன்றில் குழாயின் கனம் பாதி போயிருந்தது.

கசிவைத் தேடுவது

மூன்றாவது ஆண்டு, குளியலறைக் கதவுக்கு வெளியே தரை விரிப்பு லேசாக உப்பியது. மிதித்தால் அப்பளம்போல் மெத்தென்று இறங்கியது. எறும்பு வரிசை ஒன்று சுவரோரம் போனது. குளியலறைக் குழாய்தான் என்று முடிவு கட்டி, ஓடு இரண்டைப் பெயர்த்தும் பார்த்தோம். உள்ளே உலர்ந்திருந்தது. அந்த இரண்டு ஓட்டின் ஜோடி இன்றுவரை கடையில் கிடைக்கவில்லை.

பிறகுதான் அடியில் போனேன். தரைக்குக் கீழே நுரை அட்டை, அதற்குக் கீழே திருகாணி போட்ட மெல்லிய தகடு. அந்தத் தகடு ஓரிடத்தில் பசுவின் மடிபோல் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் சுண்டினால் ‘தொப்’ என்ற கனத்த ஒலி. பக்கத்துத் தகட்டில் ‘டங்’. மடியின் மிகத் தாழ்ந்த இடத்துக்கு நேர்கீழே வாளியை வைத்து, ஆணியால் ஒரு துளை போட்டேன். ஆணி கனத்துக்குப் பழுப்பு நீர் இறங்கத் தொடங்கியது. ஒரு வாளி நிரம்பி, இரண்டாவதும் முக்கால் நிரம்பியது. புளித்த தேயிலைத் தூள் வாடை. அந்த நீர் எத்தனை மாதம் அங்கே இருந்ததோ!

கசிவு அங்கேயும் இல்லை. அதற்கு எட்டடி தள்ளி, சமையலறைத் தொட்டிக்குப் போகும் எல்போ என்ற வளைவு இணைப்பில் இருந்தது. நீர் இரும்புச் சட்டத்தின் பள்ளத்தில் வாய்க்கால்போல் ஓடி, சட்டம் முடிந்த இடத்தில் விழுந்திருக்கிறது. இதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான். ஈரம் தெரியும் இடத்திலிருந்து, சட்டம் சற்று உயர்ந்திருக்கும் பக்கம் நோக்கிப் போங்கள். ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்து, மேலே முகப்பவுடரைத் தூவுங்கள். அரைமணி கழித்துப் பவுடர் எங்கே களிம்பாகியிருக்கிறதோ அதுதான் திருடன்.

கசிவு இருக்கிறதா என்றே சந்தேகமானால் தொட்டியைக் கேளுங்கள். எங்களைப் போல ஊற்று நீரில் வாழ்பவர்களுக்கு மீட்டர் கிடையாது. தொட்டிக்கு வரும் நீரை அடைத்து, வீட்டில் எல்லாக் குழாயையும் மூடி, ஒரு குச்சியை நேராக விட்டு நீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். 1000 லிட்டர் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஒன்பது லிட்டர் போயிருக்கிறது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு நான்கைந்து லிட்டர்தான் ஆகும்; அரை சென்டிமீட்டர். ஆகவே ஓர் இரவு மட்டும் பார்த்துவிட்டுக் கசிவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஊருக்குப் போகும் இரண்டு நாளில் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள்.

உடைந்த துண்டை மாற்றுவது

சி.பி.வி.சி. குழாயை ஒட்டுவதில் மலைக்காரர்கள் செய்யும் பிழை ஒன்றே ஒன்று: அவசரம். சமவெளியில் அரைமணியில் காயும் சொல்யூஷன் இங்கே ஆடி மாதச் சாரலில் காயவே காயாது.

வால்வை மூடி, கீழ்க்கோடிக் குழாயைத் திறந்து நீரை வடியுங்கள். விரிசலுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி எடுங்கள். விரிசல் கண்ணுக்குத் தெரிவதைவிட நீளமாகத்தான் இருக்கும். ஹேக்ஸா பிளேடால் வெட்டினால் விளிம்பில் பிசிர் நிற்கும். கத்தியால் உள்ளும் புறமும் சீவி, வெளி விளிம்பை லேசாகச் சரித்துவிடுங்கள். இல்லையென்றால் குழாய் உள்ளே போகும்போது சொல்யூஷனை வழித்துத் தள்ளிவிடும். ஒட்டாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். எந்த ஆழம் வரை போகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். வெளியே எடுத்து, துடைத்து, மிச்ச ஈரத்தைப் போக்குங்கள். இந்த ஈரம்தான் நம் எதிரி: வடித்த குழாயிலிருந்தும் சொட்டு வந்துகொண்டே இருக்கும். தம்பி குழாய்க்குள் ஒரு ரொட்டித் துண்டை உருட்டி அடைத்துவிடுவார். ஒட்டிக் காயும்வரை அது சொட்டை உறிஞ்சும், பிறகு தண்ணீர் விட்டால் கரைந்து வாஷ் பேசின் குழாய் வழியே போய்விடும். அதற்கு முன் அந்தக் குழாயின் வாயிலுள்ள சல்லடையைக் கழற்றிவிட வேண்டும்.

குழாயின் மேலும் இணைப்பின் உள்ளும் சொல்யூஷனைச் சீராகத் தடவி, உள்ளே தள்ளும்போது கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விட்டால் அது தானாகவே பின்னால் நழுவும். சுற்றிலும் மெல்லிய வளையமாகச் சொல்யூஷன் பிதுங்கியிருந்தால் சரி. தண்ணீர் விடுவது மறுநாள்தான். டப்பாவில் உள்ளது ஜெல்லியாகியிருந்தால் தூக்கிப் போடுங்கள். தின்னர் கலந்து இளக்கக் கூடாது. அடியில் காற்றோட்டம் குறைவு, ஆவி தலைசுற்ற வைக்கும், பீடி பற்றவைக்கவே கூடாது.

திருகு இணைப்பு என்றால் இன்னொரு எச்சரிக்கை. பழைய ஜி.ஐ. குழாயில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், சணல் சுற்றித்தான் எங்கள் அப்பா காலத்து வேலைக்காரர்கள் இறுக்குவார்கள். அதே பழக்கத்தில் பிளாஸ்டிக் மரையில் சணல் சுற்றினால், சணல் நீரில் ஊதி இணைப்பைப் பிளந்துவிடும். பிளாஸ்டிக்குக்கு டெஃப்லான் டேப் மட்டும். கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரில் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. சமையலறை எல்போ விரிந்ததும் யாரோ ஒரு பலசாலி பைப் ரெஞ்சில் தொங்கி இறுக்கியதால்தான். எறும்பு மருந்தையும் எண்ணெயையும் இந்தக் குழாயின் மேல் தெளிக்க வேண்டாம். சில ரசாயனங்கள் பட்டால் சி.பி.வி.சி. நாள்பட விரிசல் விடும்.

மலைத் தண்ணீரின் வேகம்

பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. ஆனால் மலையில் வீடு வாங்குகிற யாரும் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை, நான் உட்பட. எங்கள் ஊற்றுத் தொட்டி வீட்டுக்கு 45 மீட்டர் மேலே, தோட்டத்தின் தலைமாட்டில் இருக்கிறது. நாலரை பார். சமவெளியில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கீழ்வீட்டுக்குக் கிடைப்பது அரை பார், ஒரு பார். அந்த அளவுக்கு வாங்கிய மலிவான கனெக்‌ஷன் டியூப்களும் ஃப்ளஷ் டேங்க் மிதவையும் எங்கள் வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிய்த்துக்கொண்டன. குழாயைச் சட்டென்று மூடினால் ‘டமார்’ என்று சுவரே அதிர்ந்தது. தகட்டுச் சுவர் முரசுபோல் அதைப் பெருக்கிக் காட்டும்.

அழுத்தம் குறைக்கும் வால்வு வாங்கிப் போடலாம். போட்டும் பார்த்தேன். முதல் மழையில் கலங்கல் நீர் வந்து அதன் நுண்ணிய வலையை அடைத்தது. இரண்டாம் மழையில் மறுபடியும். பிறகு பழைய எஸ்டேட்காரர்களின் வழிக்குப் போனேன்: வீட்டுக்கு 12 மீட்டர் மேலே இடைத்தொட்டி ஒன்றை வைத்து, மேலிருந்து வரும் நீரை மிதவை வால்வு வழியாக அதில் விழவைத்தேன். மேலேயுள்ள வேகம் அந்தத் தொட்டியிலேயே செத்துவிடுகிறது. வீட்டுக்கு 1.2 பார்தான் வருகிறது. குளிக்கவும் துவைக்கவும் அது தாராளம். மண்ணும் தொட்டியின் அடியில் தங்கிவிடுகிறது. மூடியைக் கம்பி போட்டுக் கட்டுங்கள். குரங்குகளுக்குத் திருகு மூடி திறக்கத் தெரியும். மேலிருந்து வரும் குழாயை இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். காட்டுப்பன்றி கிளறும், காட்டெருமை மிதிக்கும். போன வருடம் ஒரு காட்டெருமை சாவகாசமாக முதுகு சொறிந்துகொண்டதில் வெளிச்சுவர்க் குழாய் முழுவதும் கிளாம்போடு வந்துவிட்டது. அதனிடம் நட்டஈடு கேட்க முடியுமா?

கீசர்

நீரோடு சேர்த்து 15 லிட்டர் கீசர் 25 கிலோ இருக்கும். நுரைச் சுவர் அதைத் தாங்காது. உள்ளே இரும்புத் தூண் எங்கே ஓடுகிறது என்று காந்தத்தை நகர்த்திப் பார்த்தால் தெரியாது, தகடே இரும்பு. விரல் முட்டியால் தட்டி ஒலியைக் கேட்க வேண்டும். தூண் கிடைக்காவிட்டால் தரையிலிருந்தே ஒரு இரும்பு ஸ்டாண்ட் அடித்து அதில் மாட்டுங்கள்.

கீசரின் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று கவலைப்பட்டு எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அதை எம்-சீல் வைத்து அடைத்தே விட்டார்கள். வெடிகுண்டைச் சுவரில் மாட்டியதற்குச் சமம். 15 டிகிரி நீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்கு மேல் விரிகிறது. 15 லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு டம்ளர். அது எங்காவது வெளியேறியாக வேண்டும். சூடேறும்போது சொட்டுவது இயல்பு. நாள் முழுவதும் சொட்டினால்தான் கோளாறு. அந்தச் சொட்டைச் சிறு குழாய் வைத்து வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் விடுங்கள். பல வீடுகளில் அது நேராகச் சுவர் இடுக்குக்குள் இறங்குகிறது. தினமும் ஒரு டம்ளர், ஐந்து வருடம். தரைப் பலகை உளுத்துப்போவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

எங்கள் ஊற்று நீர் மெல்லிய நீர், கீசரில் உப்புப் படிவதில்லை. அதற்குப் பதில் இரும்பைத் தின்னும். இரு முனையிலும் மரையுள்ள சிறு இணைப்புத் துண்டான நிப்பிள் எங்கும் ஜி.ஐ.யில் வேண்டாம், பித்தளை போடுங்கள். கீசருக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். தேய்ந்து பென்சிலாகியிருந்தால் மாற்ற வேண்டும். அது தேய்வதால்தான் தொட்டி தப்பிக்கிறது.

கழிவுநீர்

வீடு இறங்குவது இங்கேதான் முதலில் தெரியும். கழிவுக் குழாய்க்கு ஓர் அடிக்குக் கால் அங்குலச் சரிவு வேண்டும். நாலு வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை மழையில் பின்பக்கத் தூண் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் இறங்கியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாஷ் பேசினில் நீர் விட்டால் குளியலறைத் தரையில், நீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் நானி டிராப்பில் ‘களக் களக்’ என்று கேட்டது, அவ்வளவுதான். அடியில் போய் ரசமட்டத்தைக் குழாய்மேல் வைத்தால் குமிழ் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறது. நடுவில் குழாய் தொட்டில்போல் தொய்ந்து, அதில் சோப்புக் கொழுப்பு கட்டியிருந்தது.

தூணை ஜாக்கி வைத்து உயர்த்துவதை நீங்களாகச் செய்யாதீர்கள், அது ஆள் கொல்லும் வேலை. நீங்கள் செய்யக்கூடியது, மீட்டருக்கு ஒரு கிளாம்ப் வீதம் குழாயை மீண்டும் சரிவாகத் தொங்கவிடுவது. திருகினால் ஏறி இறங்கும் மரைக் கம்பிக் கிளாம்ப் வாங்கினால் அடுத்த முறை ஸ்பேனர் போதும். வீட்டிலிருந்து மண்ணுக்குள் குழாய் இறங்கும் இடத்தில், இறுகிய பிளாஸ்டிக் இணைப்புக்குப் பதில் இரு பக்கமும் கிளிப் போட்ட ரப்பர் இணைப்பு வையுங்கள். வீடு இறங்கும்போது அது வளைந்துகொடுக்கும். கூரைத் தண்ணீர் தூண் அடியில் விழாதபடி கால்வாய் வெட்டுங்கள். தூண் இறங்குவதற்கு மூலகாரணம் அதுதான்.

நாற்றம் வந்தால் உடனே பினாயில் ஊற்றுகிறோம். முதலில் டிராப்பில் நீர் இருக்கிறதா என்று பாருங்கள். வீடு பூட்டிக் கிடந்தால் அது வற்றி, செப்டிக் டேங்க் வாடை நேராக உள்ளே வரும். ஊருக்குப் போகும் முன் ஒரு கோப்பை நீர் விட்டு, மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டால் சீக்கிரம் ஆவியாகாது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நம் குளிரில் அது உறைந்து மூடிபோல் அடைத்துக்கொள்ளும். கடலை எண்ணெய் போதும். டிராப்பில் நீர் இருந்தும் ‘களக்’ ஒலி நிற்காவிட்டால் கூரைக்கு மேல் போகும் காற்றுக் குழாயைப் பாருங்கள். எனக்கு அங்கே குளவிக்கூடு கிடைத்தது. கொசுவலைக் கம்பி ஒரு துண்டு கட்டிவிட்டேன்.

உறைபனி

கோத்தகிரியில் இது பெரிய தொல்லை இல்லை. என் தங்கை வீடு ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில். அதுவும் இப்படி வந்த வீடுதான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிவாக இருக்கும் இரவுகளில், குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் போய்த் தேங்கும். விடியலில் புல்வெளி வெள்ளையாகியிருக்கும். நீர் உறைந்தால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கிறது. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய் வாய்க்கும் நடுவே மாட்டிய நீர்தான் அழுத்தம் ஏறிக் குழாயைப் பிளக்கிறது. ஆகவே உறைந்த இடம் ஒன்று, உடைந்த இடம் வேறு என்று இருக்கும். அது தெரிவது காலை ஒன்பது மணிக்கு, வெயில் பட்டு உருகியபின்.

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் மருமகன் இப்படியான வீட்டில்தான் குடியிருக்கிறான். அங்கே தொழிற்சாலையில் செய்யும் வீடுகளுக்கென்றே 1976 முதல் மத்திய அரசின் விதிகள் இருக்கின்றன. அடியைச் சுற்றிப் பாவாடை கட்டினாற்போல் அடைப்பு, குழாயைச் சுற்றி மின்சாரச் சூட்டுப் பட்டை எல்லாம் உண்டாம். 1978 முதல் 1995 வரை பல வீடுகளுக்குப் போட்ட சாம்பல் நிறப் பாலிபியூட்டிலீன் குழாய்கள் உள்ளிருந்தே பொடிந்து பெரிய வழக்காகிப் போன கதையையும் அவன்தான் சொன்னான். சூட்டுப் பட்டையை வாங்கி அனுப்பட்டுமா என்று தங்கையிடம் கேட்டான். வேண்டாம் என்றேன். வாரக்கணக்கில் உறையும் ஊருக்கு அது தேவை. நமக்கு உறைபனி விடியலில் இரண்டு மூன்று மணி நேரம்.

அதற்குக் கறுப்பு நுரைக் குழாயுறை போதும். முக்கால் அங்குலக் குழாய்க்கு நீளவாக்கில் கீறியது கடையில் கிடைக்கும். மாட்டி, கீறலைக் கீழ்ப்பக்கமாக வைத்து, டேப் சுற்றுங்கள். வெளிச்சுவரில் ஓடும் குழாய்க்கு அதற்கு மேல் ஒரு தகட்டு மூடி போடுங்கள். மலை வெயில் பிளாஸ்டிக்கை வெளுத்து நொறுக்கும். வடக்குப் பக்கத்தின் அடிப்புறத்தைத் தகட்டால் அடையுங்கள், மற்ற பக்கங்களுக்குக் கம்பி வலை மட்டும். நாலு பக்கமும் அடைத்தால் ஈரம் வெளியேறாமல் சட்டம் துருப்பிடிக்கும். உறைபனி வரும் என்று தோன்றும் இரவில் கடைக்கோடிக் குழாயை நூல்போல் ஒழுக விடுங்கள்.

உறைந்தே விட்டால் குழாயைத் திறந்து வைத்து, வெந்நீரில் பிழிந்த துணியைக் குழாய் வாயிலிருந்து தொடங்கி உள்நோக்கிச் சுற்றுங்கள். கொதிநீரை நேராக ஊற்றக் கூடாது. ஊதுவிளக்கு, கரிச்சட்டி பக்கத்திலேயே வரக் கூடாது: சுவரில் இருக்கும் நுரை எரிந்தால் அந்தப் புகையில் நாலு மூச்சுக்கு மேல் யாரும் தாங்க மாட்டார்கள்.

பூட்டிவிட்டுப் போகும்போது

ஜனவரியில் நான் மகள் வீட்டுக்குச் சென்னை போவேன். கிளம்பும் நாள் காலை கீசர் சுவிட்சை அணைத்து, இடைத்தொட்டி வால்வை மூடி, வீட்டுக் குழாய்கள் அனைத்தையும் திறந்து, அடியில் மிகத் தாழ்ந்த இடத்தில் தம்பி வைத்துக் கொடுத்த வடிகால் வால்வையும் திறந்துவிடுவேன். ஃப்ளஷ் டேங்கையும் ஒருமுறை இழுத்துக் காலி செய்ய வேண்டும். கை ஷவரைத் தரையில் கிடத்தினால் அதன் ஹோஸில் நிற்கும் நீரும் இறங்கும். டிராப்புகளில் கடலை எண்ணெய்.

திரும்பி வந்ததும் வடிகாலை மூடி, தொட்டி வால்வைக் கால் பங்கு மட்டும் திறக்கிறேன். எல்லாக் குழாய்களும் திறந்தபடியே இருக்கும். முதலில் சீறும், பிறகு துப்பும், பிறகு பழுப்பாக வரும், பிறகு தெளியும். தெளிந்ததை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போவேன். கீசரில் நீர் நிரம்பி வெந்நீர்க் குழாயிலும் தடையின்றி வந்தபின்தான் அதன் சுவிட்ச். அதற்கப்புறம் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கம்பை எடுத்துக்கொண்டு, பின்பக்கம் போவேன்.